நிரம்பியபடியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு மற்றும் பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். காலை ஏழே முக்காலுக்கு வேன் ஏறுவாள். 750 மில்லி பிடிக்கிற ஸ்டீல் பாட்டிலை நிரப்பிப் பையில் வைப்பது என் வேலை. சாயங்காலம் நாலரைக்கு அவள் திரும்பியதும் பையை வாங்கினாலே தெரிந்துவிடும், கனம் குறையவில்லை என்று. மூடியைத் திறந்தால் கழுத்துவரை தண்ணீர் நிற்கும். அவளோ ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.

விளையாட்டு மும்முரத்தில் குடிக்க மறந்துவிடுகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் அவளே சொன்னாள்: "மறக்கலைம்மா. குடிச்சா ஒன்னுக்கு வரும்ல."

நான் குழந்தைகள் வார்டில் 14 வருடமாகச் செவிலியர். "தண்ணி நிறையக் குடுங்கம்மா" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்கிறவள். என் வீட்டிலேயே ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை தாகத்தை அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வருவது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

என்னடி விஷயம் என்று விசாரித்ததில் ஒவ்வொன்றாக வந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்கிற ஆள் யார் என்பது ரொம்ப முக்கியமாம். விளையாட்டுக்குக் கதவை விட்டுவிடுகிறவளை நம்பி உள்ளே போக முடியாது. நம்பிக்கையான தோழி லீவு போட்ட நாளில் இவளும் போவதில்லை. பக்கெட் இருக்கிறது, மக் இல்லை. குழாயில் காலையில் வருகிற தண்ணீர் மத்தியானம் வருவதில்லை. சரி, இன்டர்வெல்லில் போகவில்லை, வகுப்பு நடக்கும்போது கேட்கலாமே என்றால், "இன்டர்வெல்ல என்ன பண்ணிட்டிருந்த?" என்று எல்லார் முன்னாலும் கேள்வி வரும். அதற்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு பள்ளியின் குறையாகிவிடும், மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். வார்டுக்கு வருகிற அம்மாக்களிடம் இப்போதெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வியே, "பாட்டில் எப்படித் திரும்பி வருது?" என்பதுதான். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, லட்ச ரூபாய் ஃபீஸ் வாங்கும் பள்ளி என்று வித்தியாசம் பெரிதாக இல்லை. பெரிய பள்ளிகளில் டைல்ஸ் பளபளக்கும், ஆனால் கேட்டால் அனுப்ப மாட்டார்கள். அவ்வளவுதான்.

கொஞ்சம் உடம்புக் கணக்கு சொல்கிறேன். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால், அதன் சிறுநீர்ப்பை எத்தனை மில்லி பிடிக்கும் என்று தோராயமாகத் தெரியும். சுமார் 12 வயதுவரை இந்தக் கணக்கு பொருந்தும். ஒன்பது வயதுக்கு 300 மில்லி. ஒரு தம்ளரும் கொஞ்சமும். 25 கிலோ எடையுள்ள பிள்ளை ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் மணிக்கு 25 முதல் 50 மில்லிவரை சிறுநீர் சேரும். வேன் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை எட்டே முக்கால் மணி நேரம். பெருக்கிப் பாருங்கள், நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்குச் சிறுநீர்ப்பை ஒரு தடவை நிரம்பி மேலும் பாதிவரைகூட நிரம்பும். நடுவில் போக முடியாது என்றால் உள்ளே போகிற தண்ணீரைக் குறைப்பது ஒன்றுதான் வழி. என் மகள் கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது. இந்தக் கணக்கை அவள் தப்பில்லாமல் போட்டிருக்கிறாள்.

ஒரு பிள்ளை நாளொன்றுக்கு நான்கு முதல் ஏழு தடவை சிறுநீர் கழிப்பது இயல்பு. அப்படிப் போகாமல் மாதக்கணக்கில் அடக்கிப் பழகினால், இறுக்கிப் பிடிக்கிற தசைக்கு இறுக்க மட்டுமே தெரியும், தளர்த்தத் தெரியாமல் போய்விடும். போகும்போதும் முழுதாகக் காலியாகாது. மிச்சம் தங்கும் சிறுநீரில் கிருமி வளரும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் குடலில் இருக்கும் ஈகோலை போன்ற கிருமிகள் மேலே ஏறுவது சுலபம். முதலில் எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது. அப்புறம் நடுக்கும் காய்ச்சல், முதுகுப் பக்கம் வலி. கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம்.

நம் ஊரில் நீர்க்கடுப்பு என்றாலே "சூடு பிடிச்சிருக்கு" என்போம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பது, வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பது, இளநீர். என் மாமியாரும் அதைத்தான் செய்வார், நான் தடுப்பதில்லை. ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகும் சூடு என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற வீடுகள் நிறைய. போன கோடையில் அப்படி ஒரு பெண் வந்தாள், ஆறாம் வகுப்பு. உதடு வெடித்திருந்தது. ட்ரிப் போடக் கையைப் பிடித்தபோது, "ஸ்கூல்ல எத்தனை தடவை யூரின் போவ?" என்று டாக்டர் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, "போக மாட்டேன்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "அந்த ஸ்கூல்ல சேர்ந்ததுலேர்ந்து." சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதைவிடப் பேசக் கூச்சப்படுகிற விஷயம் மலச்சிக்கல். காலையில் ஆறரைக்கு எழுப்பி, பல் தேய்க்க வைத்து, இட்லியை வாயில் திணித்து வேனில் ஏற்றுகிறோம். சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில்தான் குடல் அசைந்து கொடுக்கும். அந்த நேரம் பிள்ளை வேனில் இருக்கிறது. பள்ளியில் "ரெண்டுக்கு" வருகிறது என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும், அதிலும் பையன்கள் பாடு மோசம். ஒன்னுக்காவது எங்காவது சுவரோரம் ஒதுங்கலாம், இதற்கு முடியாது. அடக்குகிறான். உள்ளேயே தங்கி இறுகுகிறது. இறுகியது வெளியே வரும்போது வலிக்கிறது, வலிக்குப் பயந்து மேலும் அடக்குகிறான். கடைசியில் குடல் விரிந்து, இறுகிய கட்டியின் ஓரமாக இளகிய மலம் அவனை அறியாமலே கசிந்து ஜட்டியில் படுகிறது. அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்தவர்களும் உண்டு, "எருமை மாதிரி வளர்ந்துட்டு" என்று அடித்தவர்களும் உண்டு. அடி வாங்கி வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனின் வயிற்றை டாக்டர் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. மருந்து கொடுத்துச் சரியாக மாதக்கணக்கில் ஆனது. நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் படுக்கையை நனைப்பதும் இதோடு சேர்ந்து வரும். அதற்கும் அடிதான்.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்பார்கள். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் வரும். மலமும் சிறுநீரும் உண்டு. வகுப்பறையில் நாம் இவற்றில் எத்தனையை அடக்கச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது.

வயசுக்கு வந்த பிள்ளைகளின் நிலைமை இன்னும் கஷ்டம். மாதவிலக்கு நாட்களில் நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கே மாற்றுவாள்? தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னாலா? மாற்றியதை எங்கே போடுவாள்? மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லாத இடத்தில், காகிதத்தில் சுற்றிப் பையிலேயே வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். காலையில் வைத்த நாப்கினோடே வீடு வந்து சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு "வயித்து வலி மிஸ்" என்று லெட்டர் கொடுக்கிறார்களே, அதில் பாதி வலி கழிப்பறையினுடையது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 300 பெண் பிள்ளைகள், ஆறு கழிப்பறை, பத்து நிமிட இன்டர்வெல். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் முப்பது பேர் போய்வரலாம். மீதி 270 பேர்? 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறைத் தொகுதி வேண்டும் என்று மத்திய அரசின் தூய்மைப் பள்ளித் திட்டத்தின் (ஸ்வச் வித்யாலயா) கையேட்டிலேயே இருக்கிறது. அந்த அளவு கட்டியிருந்தாலும் எல்லாரையும் ஒரே பத்து நிமிடத்தில் திறந்துவிட்டால் தீராது. "இன்டர்வெல்ல என்ன பண்ணிட்டிருந்த?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், மணி அடித்துவிட்டது.

கேரளத்தில் 2019இல் "வாட்டர் பெல்" என்று ஒன்று தொடங்கினார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நம் பக்கமும் அது வந்துவிட்டது. நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடிக்க மணி அடித்தவர்கள் போவதற்கு மணி அடிக்கவில்லையே. என் மகள் வாட்டர் பெல்லுக்கு என்ன செய்கிறாள் தெரியுமா? மூடியைத் திறந்து உதட்டில் வைத்துவிட்டு மூடிவிடுகிறாள். மிஸ் பார்க்கும்போது தொண்டையை அசைப்பாளாம். அதை எனக்கு நடித்துக் காட்டினாள், அசல் மாதிரியே இருந்தது.

ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வார்டில் ஆறு மணி நேரம் பாத்ரூம் போகாமல் நிற்பது எங்களுக்கும் பழக்கம்தான். எத்தனை டீச்சர்கள் காலையிலிருந்து தண்ணீரைத் தொடாமல் ஏழு பீரியட் நின்று பாடம் எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தாங்களே அடக்கிப் பழகியவர்களுக்கு அடக்குவது ஒழுக்கமாகத் தெரிவது இயற்கை. "ஒருத்தனை விட்டா பத்துப் பேர் எழுந்து நிப்பான்" என்பதும் பொய் இல்லை. கணக்குப் பாடம் வந்தால் மட்டும் ஒன்னுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். நானே அப்படித்தான் தப்பித்தேன். ஆனால் பொய் சொல்லிப் போகிற நாலு பேரைப் பிடிப்பதற்காக, நிஜமாகவே முட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையையும் உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. எது பொய் எது நிஜம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

உண்மையிலேயே அடிக்கடி போகிற பிள்ளையைக் கண்டித்து அனுப்பாமல் கவனியுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். இல்லாவிட்டால் இதைவிட அவசரமான ஒன்றாக இருக்கலாம்: திடீரென்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறான், பீரியடுக்கு ஒரு தடவை போகிறான், நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறான், பல வருடமாகப் படுக்கை நனைக்காதவன் மறுபடி நனைக்கிறான் என்றால் குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயின் அடையாளம் அது. அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். தாமதித்தால் மயக்க நிலையில்தான் எங்களிடம் வருகிறார்கள். இதை வீட்டில் இருக்கிற எங்களுக்கு முன்னால் கவனிக்கக்கூடியவர்கள் நீங்கள். "உங்க பையன் பாத்ரூமுக்கே போய்ட்டிருக்கான்" என்று டைரியில் சிவப்பு மையில் எழுதுகிற வரியைக் கொஞ்சம் அக்கறையோடு எழுதினால் ஒரு உயிர் பிழைக்கும்.

பெற்றோர்கள் யோக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. "ஸ்கூல் பாத்ரூம்ல உட்காராதே, இன்ஃபெக்‌ஷன் வந்துரும்" என்று முதல் நாளே பயமுறுத்தி அனுப்புகிறவர்கள் நாங்கள்தான். உட்கார்ந்து வருகிற தொற்றைவிட உட்காராமல் அடக்குவதால் வருகிற தொற்றைத்தான் நான் வார்டில் அதிகம் பார்க்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வருவதும் நாங்கள்தான். நான்கு வருடமாக அந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன், கழிப்பறை எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது என் வீட்டில் எழுப்புவதை அரை மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறேன். சாப்பிட்டதும் பத்து நிமிடம், காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, அவசரப்படுத்தாமல் உட்கார வைக்கிறேன். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, திட்டு இல்லை. கொய்யா, வாழைப்பழம், கீரை, சுண்டல் என்று ஏதாவது ஒன்று டப்பாவில் போகிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும், அடர் மஞ்சளாக இருந்தால் போதாது என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் சொல்லும் பதில்: "காலையில வெளிர், சாயங்காலம் அடர்."

அந்தச் சாயங்காலம் உங்கள் கையில் இருக்கிறது. புதிதாக எதுவும் கேட்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் எழுதியிருக்கின்றன. உடலைத் தண்டிப்பதையும் மனத்தை வதைப்பதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. கால் மாற்றிக் கால் வைத்து நிற்கிற பிள்ளையை "உட்காரு" என்பது அதில் வராதா என்று நீங்களே யோசியுங்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அந்தப் பெண்கள் ஒரு தடவை எழுந்து கழிப்பறைவரை நடந்து பார்த்தால் போதும், தீர்மானம் தானாக வரும். தனியார் பள்ளிகளின் அலுவலகத்தில் சுகாதாரச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. அது மாட்டியிருக்கிற சுவரிலிருந்து பிள்ளைகளின் கழிப்பறை எத்தனை அடி தூரம் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

என் முதல் கோரிக்கைக்குக் காசு செலவே கிடையாது. சிறுநீர் கழிக்க அனுமதி கேட்கிற வழக்கத்தையே எடுத்துவிடுங்கள். வகுப்புக் கதவோரம் ஆணியில் ஒரு அட்டை தொங்கட்டும். தேவைப்படுகிறவர்கள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வரட்டும், அட்டை திரும்பி வந்ததும் அடுத்தவர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும், யாரிடமும் கேட்கவும் வேண்டாம், யாரும் சிரிக்கவும் வழியில்லை. முதல் வாரம் வேடிக்கைக்காக எல்லாரும் போவார்கள், இரண்டாவது வாரம் சலித்துவிடும். இன்டர்வெல்லையும் வகுப்புவாரியாகப் பத்துப் பத்து நிமிடம் தள்ளித் தள்ளி விடலாம். எல்கேஜி, யுகேஜி குழந்தைகளைக் கேட்கிறவரை காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயாம்மா கூட்டிக்கொண்டு போகட்டும். நனைத்துக்கொண்டு நிற்கிற குழந்தையை வகுப்பு முன்னால் நிறுத்தி "ஏன் முன்னாடியே சொல்லலே?" என்று கேட்கவே வேண்டாம்.

அப்புறம் தாழ்ப்பாள், மக், மூடி வைத்த குப்பைத்தொட்டி, சோப்பு, மத்தியானமும் வருகிற தண்ணீர். கழுவுகிறவருக்குக் கையுறையும் நியாயமான சம்பளமும். ஆண்டு விழாவுக்கு வைக்கிற ஃபிளெக்ஸ் ஒன்றைக் குறைத்தாலே முதல் நாலும் வந்துவிடும். தூய்மைப் பணியாளர் காலையில் ஒருமுறை கழுவிவிட்டுப் போனால் பதினொரு மணிக்கே நாற்றம் தொடங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை கழுவ வேண்டும், அதற்கு அவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் அவருக்குப் போகிற தொகை எவ்வளவு என்று தலைமையாசிரியர்களான உங்களுக்குத் தெரியும். அந்தத் தொகைக்கு ஒருவர் ஒரு தடவை வருவதே பெரிது. இதை மேலிடத்துக்கு எழுத வேண்டியது நீங்கள், கூடவே கையெழுத்துப் போட நாங்கள் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், தலைமையாசிரியரும் தாளாளரும் பிள்ளைகளின் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்காகப் பூட்டி வைத்திருக்கும் அறையை விட்டுவிட்டு, நான்காம் வகுப்பு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதே, அதை. வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறேன். மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டதும் நேராக அந்தப் படிக்கட்டுப் பக்கம் போவேன். கைப்பையில் ஒரு தாழ்ப்பாளும் எட்டு ஸ்க்ரூவும் இருக்கும். ட்ரில் மெஷின் பள்ளியில் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதையும் இரவல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா